ஒன்பது பேருக்கும் குவாண்டம் இயற்பியல் வேண்டுமா?

கேள்வி: கோவையில் ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தில் தகவல் பாதுகாப்புப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். என்னையும் சேர்த்து 9 பேர். போன மாதம் போர்டு மீட்டிங்கில் ஒரு இயக்குநர், "குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தால் நம் டேட்டா என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டார். அன்று முதல் "டீமைத் தயார் பண்ணுங்கள்" என்று ஒரே நெருக்கடி. ஒரு பயிற்சி நிறுவனம் 5 நாள் வகுப்புக்கு ஆளுக்கு 65,000 ரூபாய் கேட்கிறது. முதல் 3 நாள் குவாண்டம் இயற்பியல், 4-ஆம் நாள் குவாண்டம் சாவிப் பகிர்வு, 5-ஆம் நாள் புதிய குறியாக்க முறைகள். என் ஆட்களில் பாதிப் பேருக்குக் கணக்கு என்றாலே பயம். பேசாமல் பிஎச்.டி. முடித்த ஒருவரை வேலைக்கு எடுத்துவிடலாமா? இன்னொரு சிக்கலும் உண்டு. எங்களிடம் 54 வயதில் ஒரு சீனியர் இருக்கிறார். 4 வருஷத்தில் ஓய்வு பெறப் போகிறவருக்கு எதற்குச் செலவு என்று எச்.ஆர். அவர் பெயரை அடித்துவிட்டது. மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாலும் பெங்களூருக்குப் போய்விடுவார்கள் என்கிறார்கள். நான் எங்கிருந்து தொடங்குவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: வணக்கம். பண விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். அந்த வகுப்புக்கு இப்போது ஒப்புதல் கொடுக்காதீர்கள். சீனியரை விட்டுவிட்டு 8 பேர் என்றாலும் 5,20,000 ரூபாய். அந்த 5 நாளில் உங்களுக்கு உபயோகமானது கடைசி நாள். அதிலும் மதியத்துக்கு மேல் என்ன நடத்துவார்கள் என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் ஆட்களுக்கு இயற்பியலில் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். 1994-இல் பெல் ஆய்வகத்தில் இருந்த பீட்டர் ஷோர் ஒரு வழிமுறையைக் கண்டுபிடித்தார். போதிய அளவு பெரிய குவாண்டம் கணினி இருந்தால், அதை வைத்து, இன்று சாவியைப் பகிரவும் கையொப்பம் இடவும் பயன்படுத்துகிற பொதுச்சாவி முறைகளான ஆர்எஸ்ஏ, டிஃபி-ஹெல்மன், நீள்வட்ட வளைவு மூன்றையும் உடைத்துவிடலாம். அப்படி ஒரு கணினி இன்னும் யாரிடமும் இல்லை. ஆனால் அது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற மதிப்பீடு இறங்கிக்கொண்டே வருகிறது. 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவியை உடைக்க 2 கோடி க்யூபிட்டும் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) 8 மணி நேரமும் வேண்டும் என்று 2019-இல் கிரெய்க் கிட்னியும் மார்ட்டின் எகெராவும் கணக்கிட்டார்கள். அதே கிட்னி 2025 மே மாதத்தில் 10 லட்சம் க்யூபிட்டுக்குள், ஒரு வாரத்துக்குள் முடியும் என்று திருத்தி எழுதினார். டேட்டாவைப் பூட்டும் ஏஇஎஸ், டேட்டா மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் ஷா-256 போன்றவை ஷோரின் வழிமுறையில் மாட்டாது. ஏஇஎஸ் சாவி 256 பிட் என்றால் அந்தப் பக்கம் கவலை வேண்டாம். மாற்றாக வந்திருக்கும் புதிய முறைகள் இன்றைய சர்வரிலும் செல்போனிலும் ஓடுகிற சாதாரண மென்பொருள்தான். அவற்றுக்குக் குவாண்டம் கருவி எதுவும் தேவையில்லை.

அவ்வளவுதான். டீ இடைவேளையோடு சேர்த்து அரை நாள்.

4-ஆம் நாள் பாடமான குவாண்டம் சாவிப் பகிர்வு வேறு துறை. ஒளியிழை வழியாகத் தனித்தனி ஒளித்துகள்களை அனுப்பிச் சாவியைப் பகிர்ந்துகொள்கிற தொழில்நுட்பம் அது. 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் திட்டத்தில், குவாண்டம் தகவல் தொடர்புக்கான மையத்தைச் சென்னை ஐஐடிதான் நடத்துகிறது. நல்ல விஷயம். ஆனால் பொள்ளாச்சியில் இருக்கும் உங்கள் வாடிக்கையாளரின் செல்போனுக்கும் உங்கள் சர்வருக்கும் நடுவே அந்தக் கருவியைப் போய் வைக்க முடியாது. அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ, பிரிட்டனின் இணையப் பாதுகாப்பு மையமான என்சிஎஸ்சி இரண்டுமே பொதுப் பயன்பாட்டுக்குப் பரிந்துரைப்பது மென்பொருள் வழியைத்தான். பெயரில் 'குவாண்டம்' இருக்கிறது என்பதற்காக இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி விற்கிறார்கள், அதில்தான் எனக்கு எரிச்சல்.

கணக்குப் பயம் பற்றி ஒரு வார்த்தை. நான் வகுப்பெடுக்கும்போது புள்ளிக் கோலத்தில்தான் தொடங்குவேன். வாசலில் வரிசையாகப் புள்ளி வைத்திருக்கிறது. ஏதோ ஒரு இடத்தில் ஒரு புளியங்கொட்டையைப் போட்டுவிட்டு, இதற்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளி எது என்று கேட்டால் குழந்தைகூடக் காட்டிவிடும். வாசலுக்கு நீளம், அகலம் என்று இரண்டே திசை. அதே கோலம் 768 திசைகளில் விரிகிறது, புள்ளிகளை நேராக வைக்காமல் கோணல்மாணலான அளவுகோலை வைத்து வரைந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் புள்ளியைக் கண்டுபிடிப்பது சாதாரணக் கணினிக்கும் முடியவில்லை, குவாண்டம் கணினிக்கும் முடியும் என்று இதுவரை யாரும் காட்டவில்லை. நேரான அளவுகோல் கையில் இருப்பவருக்கு மட்டும் சுலபம். சாவியைப் பகிர்வதற்கான எம்எல்-கெம் என்ற புதிய முறையின் அடிப்படை ஏறக்குறைய இதுதான். அதன் நடுத்தர வகையின் பெயரில் 768 என்ற எண் வருவதும் இதனால்தான். கணிதம் படித்தவர்கள் இந்த விளக்கத்தில் பத்துக் குறை கண்டுபிடிப்பார்கள், கண்டுபிடிக்கட்டும். உங்கள் ஃபயர்வால் ஆளுக்கு இது போதும்.

சரி, எதைக் கற்றுக்கொடுப்பது? அதற்கு முன் ஒரு பழைய கதை.

2016 வாக்கில், சர்வரின் அடையாளத்தை உறுதி செய்யும் சான்றிதழ்களில் பழைய ஷா-1 முறையை விட்டு எல்லோரும் ஷா-256-க்கு மாறிக்கொண்டிருந்த நேரம். ஒரு நிறுவனத்தில் அந்த வேலையைச் செய்த குழுவில் நானும் இருந்தேன். மூன்று வாரத்தில் எல்லா சர்வரிலும் சான்றிதழை மாற்றிவிட்டோம். ஞாயிறு இரவு முடித்துவிட்டு பிரியாணி சாப்பிட்டோம். திங்கள் காலை வசூலுக்குப் போன ஆட்களின் கையடக்க ரசீது மெஷின்கள் ஒன்றுகூட சர்வரோடு பேசவில்லை. அதற்குள் இருந்த பழைய நிரலுக்கு ஷா-256 என்றால் என்னவென்றே தெரியாது. அந்த மெஷின் எங்கள் பட்டியலிலேயே இல்லை! செய்து கொடுத்த கம்பெனியும் மூடியாகிவிட்டது. கடைசியில் இரண்டு வருஷம் முன்பு ஓய்வு பெற்றுத் தென்காசியில் மகள் வீட்டில் இருந்த ஒருவரைப் போனில் பிடித்தோம். "ஓ, அதுவா தம்பி, அதுக்குத் தனியா ஒரு கேட்வே இருக்கு, அந்த மூலை ரேக்கில பாருங்க" என்றார். பத்தே நிமிஷம். நாங்கள் இரண்டு நாள் தேடியது.

அன்று எங்களில் யாருக்கும் ஷா-256-இன் கணிதம் தெரியாமல் இல்லை. எங்கள் வீட்டில் எத்தனை கதவு என்று தெரியவில்லை. குவாண்டம் மாற்றத்திலும் ஆட்களிடம் இருக்கும் பெரிய குறை இதுதான் என்பது என் கருத்து. எந்த வகுப்பிலும் இதைச் சொல்லித்தர மாட்டார்கள், ஏனென்றால் பாடப்புத்தகம் உங்கள் அலுவலகத்துக்குள்தான் இருக்கிறது.

அதனால் உங்கள் முதல் பயிற்சி வகுப்பு, சாவிக் கணக்கு எடுப்பது. வெள்ளிக்கிழமை மதியம் 2 மணி முதல் 5 மணி வரை, மூன்று மாதம். 9 பேரும். ஒரு வாரம் ஒரே ஒரு சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். கடன் விண்ணப்ப ஆப் என்றால், அது எதனோடெல்லாம் பேசுகிறது, ஒவ்வொரு பேச்சிலும் சாவியை எப்படிப் பகிர்கிறது, சான்றிதழ் யார் கொடுத்தது, எந்தத் தேதியில் காலாவதி, யார் புதுப்பிப்பார்? ஆப்புக்குள் சான்றிதழை இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறார்களா? கிளைகளை இணைக்கும் விபிஎன், சர்வர்களுக்குள் நுழைகிற எஸ்எஸ்எச், கடன் மதிப்பீட்டு நிறுவனங்களுக்கு ஃபைல் போகிற எஸ்எஃப்டிபி, பேக்கப் டேப், மென்பொருள் வெளியீட்டுக் கையொப்பம், கணக்குப் பிரிவு மேஜை டிராயரில் கிடக்கும் டிஜிட்டல் கையொப்ப யுஎஸ்பி டோக்கன் எல்லாம் இதில் வரும். வாடிக்கையாளரின் வங்கி விவரத்தை அக்கவுண்ட் அக்ரிகேட்டர் வழியாக வாங்குகிறீர்கள் என்றால், அது நீள்வட்ட வளைவு டிஃபி-ஹெல்மன் வைத்துப் பூட்டப்பட்டு வருகிறது. அதுவும் ஷோர் பட்டியலில் இருக்கிறது என்பதை உங்கள் ஆட்களில் ஒருவர் தானாகக் கண்டுபிடித்துச் சொல்லும் நாள்தான் பயிற்சி வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

இந்தக் கணக்கு வீண் வேலையும் ஆகாது. 2025 ஜூலையில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட வழிகாட்டுதலில் மென்பொருள் உதிரிப் பட்டியலோடு, எந்தக் குறியாக்க முறை எங்கே ஓடுகிறது என்ற கிரிப்டோ பட்டியலும் சேர்ந்துவிட்டது. நாளைக்கு ஆடிட்டர் கேட்கும்போது எக்ஸெல் தேடி ஓட வேண்டாம்.

முதல் வெள்ளிக்கிழமைக்கு ஒரு சின்ன வேலை வைத்திருக்கிறேன். எல்லோரும் அவரவர் லேப்டாப்பில் குரோமில் உங்கள் நிறுவன இணையதளத்தைத் திறக்கட்டும். டெவலப்பர் கருவியில் செக்யூரிட்டி பகுதிக்குப் போனால் சாவிப் பகிர்வு முறையின் பெயர் தெரியும். அதில் எம்எல்கெம்768 என்று முடிகிறதா, பழைய நீள்வட்ட வளைவு முறையான வெறும் எக்ஸ்25519-ஆ என்று பார்க்கச் சொல்லுங்கள். 2024 ஏப்ரலில் வந்த 124-ஆம் பதிப்பிலிருந்தே குரோம், பழையதும் புதியதும் கலந்த முறையைத் தானாகவே கேட்டு வருகிறது. உங்கள் வாடிக்கையாளர்கள் புதிய பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள், உங்கள் சர்வர்தான் இன்னும் தயாராகவில்லை என்பது தெரிந்தால் அறையில் ஒரு சலசலப்பு வரும். ஒருவேளை எம்எல்கெம் என்று வந்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். உங்கள் சர்வருக்கு முன்னால் நின்று பக்கங்களை வாடிக்கையாளருக்குக் கொண்டுசேர்க்கும் சிடிஎன் நிறுவனம் அதைச் செய்திருக்கலாம். அந்த சிடிஎன்-க்கும் உங்கள் சொந்த சர்வருக்கும் நடுவில் என்ன ஓடுகிறது என்று அடுத்த கேள்வி கேளுங்கள். பல இடங்களில் முன்வாசலில் புதுப் பூட்டும் கொல்லைப்புறத்தில் பழைய தாழ்ப்பாளும்தான் இருக்கும்.

இரண்டாவது பயிற்சி, உடைத்துப் பார்ப்பது. ஸ்டோர் ரூமில் இருக்கும் பழைய டெஸ்க்டாப் இரண்டு போதும். 2025 ஏப்ரலில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3.5 என்ற குறியாக்க நூலகத்தில் எம்எல்-கெம், கையொப்பத்துக்கான எம்எல்-டிஎஸ்ஏ, எஸ்எல்எச்-டிஎஸ்ஏ மூன்றும் இருக்கின்றன. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்ட் 13 அன்று தரநிலைகளாக வெளியிட்ட அதே மூன்று. இலவசம். நடுவில் உங்கள் கிளைகளில் இருக்கும் அதே மாடல் ஃபயர்வால் ஒன்றை வையுங்கள். இதுதான் முக்கியம், புத்தம்புது மாடலை வைக்காதீர்கள். இப்போது இணைப்பைத் தொடங்கிப் பாருங்கள்.

என்ன நடக்கும் என்றால், எக்ஸ்25519-இல் போகும் பொதுச் சாவி 32 பைட். எம்எல்-கெம்-768-இல் அது 1,184 பைட். ஒரு சாதாரண நெட்வொர்க் பாக்கெட் 1,500 பைட்தான். இணைப்பின் முதல் வணக்கமே இனி ஒரு பாக்கெட்டில் அடங்காது, இரண்டாகப் பிரிந்து போகும். முதல் வணக்கம் ஒரே பாக்கெட்டில்தான் வரும் என்று நம்பி எழுதப்பட்ட சில பழைய கருவிகள் அங்கேயே இணைப்பை வெட்டிவிடும். குரோம் 124 வந்தபோது சில நிறுவனங்களின் தளங்கள் திறக்காமல் போனது இப்படித்தான். கையொப்பத்தில் இன்னும் மோசம். நீள்வட்ட வளைவுக் கையொப்பம் ஒன்று 64 பைட், எம்எல்-டிஎஸ்ஏ-65-இல் 3,309 பைட். சான்றிதழ்ச் சங்கிலியில் இரண்டு மூன்று கையொப்பம் இருக்கும், கூட்டிப் பாருங்கள். 4ஜி சிக்னல் தடுமாறுகிற வால்பாறைக் கிளையில் இது எப்படி இருக்கும் என்று உங்கள் நெட்வொர்க் ஆள்தான் அளந்து சொல்ல வேண்டும். அவருக்குக் கணக்குப் பயம் இருந்தால் என்ன? இந்த வேலையில் அவர்தான் ராஜா. நெட்வொர்க் பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கைப் படிக்கத் தெரிந்தவர் இங்கே பிஎச்.டி.யைவிட உபயோகம்.

மூன்றாவதை நீங்கள் குவாண்டம் பட்ஜெட்டில் சேர்த்திருக்கவே மாட்டீர்கள்: சான்றிதழைத் தானியங்கியாகப் புதுப்பிப்பது. சான்றிதழ் வழங்குவோரும் பிரௌசர் நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, இணையதளங்களுக்கான பொது டிஎல்எஸ் சான்றிதழின் ஆயுள் 398 நாளிலிருந்து 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் வெறும் 47 நாள். இன்று உங்கள் அலுவலகத்தில் ஒரு சான்றிதழை மாற்ற என்ன நடக்கிறது? நான்கு மெயில், ஒரு சேஞ்ச் டிக்கெட், சனிக்கிழமை ராத்திரி டவுன்டைம், நடுவில் ஒருவர் லீவு. 47 நாளுக்கு ஒரு தரம் இந்தக் கூத்தை நடத்த முடியாது. சான்றிதழைச் சத்தமில்லாமல் மாற்றத் தெரிந்த டீமுக்கு, அதற்குள் இருக்கும் குறியாக்க முறையை மாற்றுவது அடுத்த படி மட்டும்தான். இதைச் செய்யத் தெரியாத டீம் எத்தனை குவாண்டம் சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டினாலும் மாற்ற நாள் வரும்போது தடுமாறும். என்னைக் கேட்டால் அந்த 5,20,000-இல் பெரும்பகுதியை இங்கே போடுவேன்.

டெவலப்பர்களுக்குக் கொஞ்சம் கண்டிப்பு தேவை. எம்எல்-கெம்மை யாரும் தானாக எழுதிப் பார்க்கக் கூடாது, இணையத்தில் கிடைத்த நிரலை ஒட்டவும் கூடாது. இந்த முறையின் முன்னோடியான கைபரின் மாதிரி நிரலிலேயே, ஒரு சாதாரண வகுத்தல் எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்து ரகசியச் சாவியை ஊகிக்கலாம் என்று 2023 கடைசியில் தெரியவந்தது. கைபர்ஸ்லாஷ் என்று பெயர். உலகத்தின் கெட்டிக்காரர்கள் எழுதிப் பலர் சரிபார்த்த நிரலுக்கே அந்தக் கதி. ஜாவா 24-இல், கோ 1.24-இல் எம்எல்-கெம் மொழியோடே வந்துவிட்டது, அதைப் பயன்படுத்தட்டும்.

அவர்கள் பழக வேண்டியது குறியாக்க முறையின் பெயரை நிரலுக்குள் புதைக்காமல் இருப்பது. இதற்கும் ஒரு நல்ல கதை உண்டு. புதிய முறைகளைத் தேர்ந்தெடுக்க நிஸ்ட் நடத்திய போட்டியில் 4-ஆம் சுற்று வரை வந்த சைக் என்ற முறையை, 2022-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் சாதாரணக் கணினியின் ஒரே ஒரு கோரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உடைத்துக் காட்டினார்கள். பல ஆண்டுகள் யாராலும் அசைக்க முடியாமல் இருந்த முறை அது. இன்று நாம் நம்பும் முறைக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். எம்எல்-கெம்முக்கு மாற்றாக, வேறு கணித அடிப்படையில் நிற்கும் எச்க்யூசி என்ற முறையை நிஸ்ட் 2025 மார்ச்சில் தேர்ந்தெடுத்து வைத்திருப்பது இந்தப் பயத்தில்தான். அதனால் டெவலப்பர்களுக்குப் பரீட்சை இப்படி வையுங்கள்: வாடிக்கையாளருக்கு ஸ்டேட்மென்ட் அனுப்பும் சேவை போல ஏதாவது சின்னதை எடுத்து, நிரலில் ஒரு வரி தொடாமல் அமைப்பு ஃபைலை மட்டும் மாற்றிக் குறியாக்க முறையை மாற்றிக் காட்ட வேண்டும். ஒரு வாரம் என்று சொல்வார்கள், இரண்டு மாதம் ஆகும். அந்த இரண்டு மாதத்தில் கற்றுக்கொள்வது வேறெங்கும் கிடைக்காது.

கொள்முதல் பிரிவையும் சட்டப் பிரிவையும் இரண்டு மணி நேரம் உட்கார வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும்: "நாங்கள் 256 பிட் குறியாக்கம் வைத்திருக்கிறோம், அதனால் குவாண்டம் சேஃப்" என்று ஒரு விற்பனையாளர் எழுதிக் கொடுத்தால் அது பதிலே இல்லை. 256 பிட் பூட்டு சரிதான், அந்தப் பூட்டின் சாவியை எப்படிக் கொண்டுவருகிறீர்கள் என்பதுதான் நம் கேள்வி. எந்த முறை, எந்தப் பதிப்பில், எந்தத் தேதிக்குள் என்று மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கட்டும். "எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு, ரகசிய முறை" என்று யாராவது சொன்னால் காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

போர்டுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து மிஷேல் மோஸ்கா சொல்லும் கணக்கை அதில் வையுங்கள். டேட்டா ரகசியமாக இருக்க வேண்டிய ஆண்டுகளையும், மாற்றி முடிக்க ஆகும் ஆண்டுகளையும் கூட்டுங்கள். அந்தத் தொகை குவாண்டம் கணினி வர ஆகும் ஆண்டுகளைவிட அதிகம் என்றால் இப்போதே தாமதம். உங்கள் கடன் 20 வருஷம் ஓடும். வாடிக்கையாளரின் பான், ஆதார், சம்பள விவரம், சொத்துப் பத்திரம் எல்லாம் இன்று கம்பியில் போகிறது. இன்று அதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, கணினி வந்த பிறகு திறக்கலாம். ஒரு மளிகைக் கடை ஆப்புக்கு இது பெரிய கவலை இல்லை, உங்களுக்குக் கவலைதான். தேதி கேட்டால், ஆர்எஸ்ஏ-2048 அளவிலான பழைய முறைகளை 2030-க்குப் பின் கைவிடத் தொடங்கி, பழைய பொதுச்சாவி முறைகள் எல்லாவற்றையும் 2035-க்குப் பின் அனுமதிக்கக் கூடாது என்று நிஸ்ட்டின் வரைவு சொல்கிறது. பிரிட்டனின் என்சிஎஸ்சி 2028-க்குள் கணக்கெடுப்பு, 2031-க்குள் முக்கியமானவை, 2035-க்குள் எல்லாம் என்று பிரித்திருக்கிறது. போர்டுக்கு இந்த மூன்று வருஷங்கள் நன்றாகப் புரியும்.

பிஎச்.டி. ஆளை எடுப்பதா? வேண்டாம். சாவிகளைப் பாதுகாக்கும் எச்எஸ்எம் என்ற பெட்டியைத் தயாரிப்பவர்களுக்கும் கிரிப்டோ நூலகம் எழுதுபவர்களுக்கும் அப்படிப்பட்டவர்கள் அவசியம் தேவை. உங்களிடம் வந்தால் ஆறு மாதத்தில் சான்றிதழ் புதுப்பிக்கும் டிக்கெட்டில் மாட்டிக்கொண்டு நொந்துபோவார். ஆழமான சந்தேகம் வந்தால் ஆலோசனை கேட்க ஆள் தொலைவில் இல்லை. சென்னை தரமணியில் இருக்கும் செட்ஸ் என்ற அரசு சார்ந்த ஆய்வு நிறுவனம் இதே துறையில் வேலை செய்கிறது. உங்கள் 9 பேரில் யாராவது அந்தக் கோலக் கதையைக் கேட்டுவிட்டு அடுத்த நாள் கேள்வியோடு வந்தால், அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐஐடிகளின் இணையவழிப் பாடத் தளமான என்பிடெல்லில் குறியாக்கவியல் பாடங்கள் இலவசமாகவே இருக்கின்றன. வாரம் அரை நாள் அவருக்கு விட்டுக்கொடுங்கள். ஒருவர் போதும். எல்லோரையும் அதில் தள்ள வேண்டாம்.

கற்றவர்கள் பெங்களூருக்குப் போய்விடுவார்களே என்ற பயம் நியாயமானது. ஒன்றிரண்டு பேர் போகத்தான் செய்வார்கள். நானே இரண்டு தடவை போனவன். அதற்காகக் கற்றுத்தராமல் வைத்திருந்தால், தெரியாதவர்கள் மட்டும் உங்களிடம் தங்குவார்கள். வெள்ளிக்கிழமை தோறும் கண்டுபிடித்ததை அன்றே எழுதி வைக்கச் சொல்லுங்கள், எழுதியவர் தவிர வேறொருவர் அதைப் படித்து அந்த வேலையைச் செய்து காட்ட வேண்டும் என்று விதி வையுங்கள். ஆள் போனாலும் குறிப்பு இருக்கும்.

இனி உங்கள் சீனியர். கடிதத்தில் இரண்டே வரியில் அவரைச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. எச்.ஆர். சொல்வது ஒரு வகையில் சரி, அவருக்கு வகுப்புத் தேவையில்லைதான். அவர்தான் வகுப்பு எடுக்க வேண்டும். உங்கள் எச்எஸ்எம்-ஐ முதன்முதலில் நிறுவியபோது பொறுப்பாளர்கள் உட்கார்ந்து சாவியை உருவாக்கிய அன்று அங்கே இருந்தவர் அவராகத்தான் இருப்பார். எந்தக் கிளையில் எந்தப் பழைய பெட்டி என்ன காரணத்துக்காக இன்னும் ஓடுகிறது என்று தெரிந்தவரும் அவராகத்தான் இருப்பார். 4 வருஷத்தில் அவர் வீட்டுக்குப் போகும்போது இந்த மாற்றம் பாதி வழியில்தான் இருக்கும். அப்போது நீங்கள் தென்காசிக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

அவரிடம் எப்படிக் கேட்பது என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். "நீங்கள் போவதற்கு முன் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று சொன்னால் யாருக்கும் மனசு கசக்கும், எழுதிக் கொடுப்பதும் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். முதல் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவரைத் தலைமை தாங்கச் சொல்லுங்கள். "சார், 2010-இல் இந்த நெட்வொர்க் எப்படி இருந்தது?" என்று டீமில் இளையவர் யாராவது கேட்கட்டும். பேச ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியாது. பக்கத்தில் அந்த இளையவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்காரட்டும். எச்.ஆரிடம் இதை 'அறிவு மாற்றத் திட்டம்' என்று ஒரு பெயர் வைத்துக் கொடுத்தால் உடனே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பெயர் இருந்தால்தான் அவர்களுக்கு நம்பிக்கை.

பயிற்சி நிறுவனத்துக்கும் ஒரு பதில் அனுப்புங்கள். 5-ஆம் நாளை மட்டும் இரண்டு நாளாக விரித்து, உங்கள் ஆய்வகத்துக்கே வந்து, உங்கள் ஃபயர்வாலை வைத்தே நடத்துவார்களா என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால், மூன்று மாதம் கழித்து, சாவிக் கணக்கு முடிந்த பிறகு வரச் சொல்லுங்கள். அப்போது உங்கள் ஆட்களிடம் கேட்பதற்குக் கேள்வி இருக்கும்.

ஒன்றை எழுத விட்டுவிட்டீர்கள்: உங்கள் எச்எஸ்எம் எந்த வருஷம் வாங்கியது, அதன் தற்போதைய ஃபர்ம்வேர் பதிப்பு என்ன? அது மேம்படுத்தலில் எம்எல்-டிஎஸ்ஏ ஏற்குமா, பெட்டியையே மாற்ற வேண்டுமா என்பதைப் பொறுத்து அடுத்த நிதியாண்டுக் கணக்கே மாறும். சீனியரிடம் கேட்டால் பில்லே எடுத்துத் தருவார். தெரிந்ததும் எழுதுங்கள்.